பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன்: மாட்டியது கொஞ்சம், வயரைத் துருவியது அதிகம்

பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுவது பெரிய வித்தை இல்லை. பழைய வீடாக இருந்தால், சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் எந்த வயர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையே. எங்கள் திருச்சி வீட்டில் நடந்ததை எழுதி வைக்கிறேன், இதே மாதிரி 1990களில் கட்டி, நடுவில் இன்வெர்ட்டர் போட்டு, அப்புறம் கீசர் போட்டு, அப்புறம் ஆளாளுக்கு ஒரு பாயிண்ட் சேர்த்த வீடுகள் நிறைய இருக்கும்.

பாத்ரூம் ஐந்துக்கு ஏழு, உயரம் ஒன்பது அடி. மேற்குச் சுவரில் உயரத்தில் கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய வெண்டிலேட்டர். கீசர் வருவதற்கு முன் பிரச்சினையே கிடையாது. வந்த பிறகு, ஐப்பசி கார்த்திகை மழையில் நாலு பேர் வரிசையாக வெந்நீரில் குளித்தால் மதியம் வரை சுவர் வியர்த்துக்கொண்டே இருக்கும். சீலிங் மூலையில் கறுப்பாகப் பூசணம், பெயிண்ட் உப்பி உதிர்வது, கதவு நிலையின் அடிப்பாகம் ஊறி மெத்தென்று ஆவது என்று எல்லாம் தொடங்கிவிட்டது. அறையின் கன அளவு 315 கன அடி, அதாவது கிட்டத்தட்ட 9 கன மீட்டர். மணிக்குப் பத்துப் பதினைந்து முறை காற்று மாறினால் இந்த மாதிரி அறைக்குப் போதும், அது 90இலிருந்து 135 கன மீட்டர் வரை வரும். ஆறு அங்குல ஃபேன்களே பெரும்பாலும் மணிக்கு இருநூறுக்கு மேல் தள்ளும், பெட்டியில் போட்டிருப்பார்கள். கடைக்காரர் ஒன்பது அங்குலம்தான் எடுக்கும் என்று ஒற்றைக்காலில் நின்றார். சமையலறைக்கு அது சரி, இங்கே சத்தம்தான் மிச்சம். பிளாஸ்டிக் உடம்பு, 30 வாட், வெளிப்பக்கம் தானாகத் திறந்து மூடும் ஷட்டர் வைத்த ஆறு அங்குலத்தையே எடுத்தேன். பெட்டியைப் பிரித்ததும் உடம்பில் அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பார்த்துவிடுங்கள், காற்று போகும் திசை அது.

ஃபேனை ஓரமாக வைத்துவிட்டுப் போர்டுக்கு வந்தேன். பாத்ரூமுக்கு வெளியே நடையில், மரப்பெட்டி மேல் ஹைலம் என்கிற கெட்டி லேமினேட் ஷீட் அடித்து பியானோ சுவிட்ச் பதித்த பழைய போர்டு. சுவிட்ச் வெளியே இருப்பது நல்லது, ஈரக்கையோடு தொட வேண்டிய தூரத்தில் எந்தச் சுவிட்சும் இருக்கக்கூடாது. இந்தப் போர்டில் பாத்ரூம் லைட், நடை லைட், ஒரு சாக்கெட், எப்போதோ எடுத்துவிட்ட நைட் லேம்ப்பின் அனாதைச் சுவிட்ச் ஒன்று. ஃபேனுக்கு அந்தச் சுவிட்சைக் கொடுத்துவிடலாம், ஷீட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டாம்.

இங்கே ஒரு விஷயம். 2012 வாக்கில் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது, சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு மறக்காது. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கிய காலம் அது. வேலைக்கு வந்தவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை, லைட்டும் ஃபேனும் மட்டும் ஓடினால் போதும் என்று கிடைத்த வயரை இழுத்து, கிடைத்த இடத்தில் முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினார்கள். அப்படிப் போட்ட லைனில்தான் இந்த நடைப் போர்டு இருக்கிறது. அதனால் மெயினை அணைத்தால் போர்டு செத்துவிடும் என்று நினைத்துக் கை வைக்கவே கூடாது. மெயின் போனதும் இன்வெர்ட்டர் தன் பாட்டுக்கு 230 வோல்ட்டை அனுப்பிக்கொண்டிருக்கும். சரி, இன்வெர்ட்டரின் முன்பக்கச் சுவிட்சை மட்டும் அணைத்தால்? பல மாடல்களில் மெயின் கரண்ட் அப்படியே கடந்து வந்துகொண்டுதான் இருக்கும். இரண்டையும் அணைக்க வேண்டும், அணைத்த பிறகும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். நான் செய்வது இப்படி: முதலில் கரண்ட் இருப்பது தெரிந்த ஒரு சாக்கெட்டில் மீட்டரை வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்ப்பேன், அப்புறம் அணைத்த இடத்தில், அப்புறம் மறுபடியும் கரண்ட் இருக்கும் இடத்தில். மீட்டரே செத்திருந்தால் எல்லா வயரும் செத்ததாகத்தான் காட்டும். மெயினையும் சேர்த்து அணைத்துவிட்டால் கரண்ட் உள்ள சாக்கெட்டுக்கு எங்கே போவது என்று கேட்கலாம், பக்கத்து வீட்டு வராந்தாவிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து வைத்திருந்தேன். வேலை வெளிச்சத்துக்கும் அது உதவியது.

இன்னொரு புதிர் நெடுநாளாக இருந்தது. பாத்ரூமில் இருந்த எல்இடி பல்பு, அணைத்த பிறகும் இரவில் மங்கலாக எரியும். கண் இருட்டுக்குப் பழகினால்தான் தெரியும், அப்படி ஒரு மினுக்கல். அம்மா அதை நைட் லேம்ப் மாதிரி நல்லதுக்குத்தான் என்று எடுத்துக்கொண்டார். எனக்கு அது உறுத்தியது. சுவிட்ச், கரண்ட் வரும் பேஸ் வயரை வெட்டாமல், திரும்பிப் போகும் நியூட்ரல் வயரை வெட்டினால் இப்படி ஆகும்: பல்பு வரை பேஸ் எப்போதும் வந்து நிற்கும், பக்கத்துப் பக்கத்தில் ஓடும் வயர்களுக்கு நடுவே கசிகிற துளி மின்சாரம் போதும் எல்இடியை மினுக்க வைக்க. ஆனால் வயரிங் சரியாக இருக்கிற வீட்டிலும் நீளமான ஓட்டத்தில் இது நடப்பதுண்டு, இண்டிகேட்டர் வைத்த சுவிட்சிலும் நடக்கும். ஆகவே மினுக்கலை வைத்து முடிவு கட்ட முடியாது.

பல்பைக் கழற்றிவிட்டு, சுவிட்ச் ஆஃபில் இருக்க, லைனை மட்டும் உயிரூட்டி ஹோல்டரில் மீட்டர் வைத்தேன். இரண்டு முனைக்கும் நடுவே வைத்தால் அர்த்தமில்லாத ஏதோ ஒரு எண் ஆடிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. நடைச் சாக்கெட்டின் எர்த்திலிருந்து ஒரு நீள வயரை இழுத்து வந்து, ஒவ்வொரு முனையையும் தனியாக அந்த எர்த்துக்கு எதிரே வைத்துப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஒரு முனையில் 231 வோல்ட். சுவிட்ச் ஆஃப், ஹோல்டரில் 231. பல்பு மாற்ற ஸ்டூல் போட்டு ஏறினால் சுருக்கென்று இழுக்கிறது என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்ததற்கும் விடை கிடைத்தது. அவர் ஈரக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

எல்லா லைனையும் மறுபடி அணைத்து, ஹைலம் ஷீட்டின் நாலு ஸ்குரூவையும் கழற்றி முன்னால் மடக்கினேன். உள்ளே பார்த்தால் இன்வெர்ட்டரிலிருந்து வரும் இரண்டு வயரும் சிவப்பு. இரண்டுமே! எது பேஸ், எது நியூட்ரல் என்று வயரைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. நியூட்ரலைக் கொண்டுபோய் சுவிட்ச் வரிசையில் லூப் கொடுத்திருந்தார்கள், பேஸ் நேராக லைட்டுகளுக்குப் போயிருந்தது. பல்பு எரிந்தது, பத்து வருஷத்துக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. இதே போர்டில் எக்ஸாஸ்ட் ஃபேனையும் சேர்த்திருந்தால், சுவிட்சை அணைத்துவிட்டு இறக்கையைத் துடைக்கப் போகிறவர் கைக்கு எட்டும் தூரத்தில் எப்போதும் பேஸ் இருந்திருக்கும், அதுவும் ஈரமான அறையில். ஃபேன் மாட்டுவதற்கு முன் இதைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

போர்டுக்கு உள்ளே மாற்றிவிடலாம், ஆனால் இன்வெர்ட்டர் பக்கத்திலேயே தப்பு இருந்தால் மற்ற போர்டுகளும் இதே கதியில் இருக்கும். அதனால் லைசென்ஸ் உள்ள வயர்மேன் அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டேன். மெயின் போர்டு, இன்வெர்ட்டர் லைன் இரண்டையும் அவர்தான் பார்த்தார். முதலில் ஒரு டெஸ்டரை எடுத்து நீட்டினார், நான் எழுதி வைத்திருந்த மீட்டர் கணக்கைக் காட்டியதும் டெஸ்டரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "தம்பி, டெஸ்டர் எரிஞ்சா கரண்ட் இருக்கலாம். எரியலைன்னா கரண்ட் இல்லைன்னு அர்த்தம் இல்ல. மர ஸ்டூல் மேல நின்னு வச்சா எனக்கே பல தடவ எரியாது." மற்ற போர்டுகளில் பேஸ் சரியாகவே இருந்தது, இந்த ஒரு போர்டில் மட்டும்தான் மாற்றிச் செருகியிருக்கிறார்கள். இடம் மாற்றிக் கொடுத்து, நியூட்ரல் வயரின் இரண்டு நுனியிலும் கறுப்பு டேப் சுற்றிவிட்டார். மெயினில் இருக்கும், கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனையும் அமுக்கிக் காட்டினார், டப்பென்று விழுந்தது. அந்தப் பட்டனை வாங்கிய நாளிலிருந்து யாரும் தொட்டதில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்து வயர் இழுப்பு. போர்டிலிருந்து பாத்ரூம் லைட் வரை சுவருக்குள் முக்கால் அங்குல பிவிசி பைப். அதில் அந்தக்கால 1/18 ஒற்றைக் கம்பி வயர் இரண்டு, எர்த் கிடையாது. ஒற்றைக் கம்பியை நாலு முறை வளைத்தால் ஐந்தாவதில் பட்டென்று ஒடியும், அதனால் அதை வைத்துக்கொண்டு மேலே ஒட்டுப்போடும் எண்ணமே எனக்கு இல்லை. புதிதாக 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் நாலு: சிவப்பு லைட்டுக்கு, மஞ்சள் ஃபேனுக்கு, கறுப்பு இரண்டுக்கும் பொதுவான நியூட்ரல், பச்சை எர்த். ஃபேன் பிளாஸ்டிக்தானே, அதற்கு எர்த் முனையே இல்லையே என்று கேட்கலாம். நாளைக்கு இரும்பு உடம்பு ஃபேனோ மெட்டல் லைட்டோ மாட்டினால் சுவரைக் கொத்துவதற்கு, இப்போதே ஒரு வயரைச் சேர்த்து இழுத்துவிடுவது மேல்.

பழைய வயரையே கயிறாக வைத்து இழுத்தேன். நாலு வயரையும் ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டால் முடிச்சு தடித்துப்போய் பைப் வளையும் பெண்டில் சிக்கும். ஒன்றுக்கு இரண்டு அங்குலம் பின்னால் இன்னொன்று என்று படிப்படியாகக் கொக்கி போட்டு, மேலே இன்சுலேஷன் டேப்பை இழுத்து மெல்லியதாகச் சுற்றினேன். பைப் வாயில் டால்கம் பவுடர் தாராளமாக. சோப்புத் தண்ணீர் ஊற்றும் பழக்கம் சிலருக்கு உண்டு, எனக்குப் பிடிக்காது, பைப்புக்குள் ஈரம் தங்கும். தம்பி போர்டு பக்கம் நின்று ஊட்டிவிட, நான் ஸ்டூல் மேல் நின்று இழுத்தேன். முதல் பெண்டில் நின்றது. அங்கே பலம் காட்டக்கூடாது, பழைய வயர் அறுந்தால் பைப்புக்குள் வழி போய்விடும். ஒரு அங்குலம் பின்னால் விட்டு, லேசாகத் திருகி, மறுபடி இழுத்தால் பெண்டைத் தாண்டும்போது கையில் ஒரு வழுக்கல் தெரியும், அப்போது நிறுத்தாமல் இழுத்துவிட வேண்டும். சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் பச்சையும் பவுடர் பூசிக்கொண்டு வெளியே வந்தன.

இவ்வளவு பாடு எதற்கு, கீசர் பாயிண்ட் ஃபேனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே, அதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடாதா என்று பலர் கேட்டார்கள். கூடாது. கீசர் 2000 வாட், ஒன்பது ஆம்பியருக்கு நெருக்கமாக இழுக்கும், அதற்கு 4 சதுர மில்லிமீட்டர் வயரும், அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானாக விழும் 20 ஆம்பியர் எம்சிபியும் போட்டிருக்கிறது. அதிலிருந்து ஒரு மெல்லிய வயரைக் கிளை பிரித்தால், அந்த வயர் சூடாகி உருகுகிற வரை எம்சிபிக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம். எம்சிபி காப்பது வயரை, ஃபேனை அல்ல. லைட் லைனில் 6 ஆம்பியர் எம்சிபி இருக்கிறது, 30 வாட்டும் 12 வாட்டும் சேர்ந்து கால் ஆம்பியர்கூட வராது.

லைட் பாயிண்டிலிருந்து வெண்டிலேட்டர் வரை நாலடி. டைல்ஸைக் கொத்தாமல், டைல்ஸ் முடியும் வரிக்கு மேலே பிவிசி பைப்பை சாடில் அடித்து ஓட்டினேன். ஃபேன் வயர் சேரும் இடத்தில் ரப்பர் வாஷர் வைத்த மூடியுள்ள ஜங்ஷன் பாக்ஸ், உள்ளே லீவர் கனெக்டர். முறுக்கி டேப் சுற்றுவது இந்த ஈரத்துக்குத் தாங்காது, கொஞ்ச நாளில் பசை இளகி டேப் கழன்று தொங்கும். பாக்ஸிலிருந்து ஃபேனுக்குப் போகிற வயரை ஒரு சின்னத் தொங்கல் விட்டு, கீழிருந்து மேலே ஏறி நுழைகிற மாதிரி வைத்தேன். வயர் மேல் படியும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், மோட்டாருக்குள் போகாது.

ஃபேனை நிறுத்த, கண்ணாடிப் பட்டைகளில் மேலே இருந்தவற்றைக் கழற்றிவிட்டு, விளம்பரப் பலகை செய்யும் கடையில் பிவிசி ஃபோம் ஷீட் வாங்கி அளவுக்கு வெட்டிப் பொருத்தினேன். வட்டம் வெட்ட, ஃபேனோடு வந்த அட்டை அளவை ஒட்டி, வரிசையாக ஓட்டை போட்டு, ஹேக்ஸா பிளேடால் அறுத்தேன். கண்ணாடி அறுப்பதைவிட இது ஆயிரம் மடங்கு நிம்மதி. விளிம்பில் சிலிக்கான் சீலன்ட்.

சுவிட்சைப் போட்டதும் ஃபேன் ஜோராகச் சுற்றியது, ஷட்டர் விரிந்தது. ஆனால் வெந்நீர் திறந்துவிட்டுப் பார்த்தால் ஆவி அப்படியே நின்றது. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி எடுத்துப் போனேன். ஃபேனுக்குக் கீழே மிச்சமிருந்த கண்ணாடிப் பட்டைகளுக்கு அருகில் பிடித்தால் புகை சர்ரென்று ஃபேனுக்குள் பாய்ந்தது. கதவடியில் பிடித்தால் புகை அசையாமல் மேலே போனது. வெளிக்காற்று பட்டை இடுக்கு வழியாக உள்ளே வந்து, அடுத்த நொடியே ஃபேன் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது, அறைக்குள் இருந்த ஈரக்காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பட்டைகளை மூடி இடுக்குகளை ஃபோம் டேப்பால் அடைத்தேன். இப்போது காற்று வர ஒரே வழி கதவடி இடைவெளி, அதுவோ அரை அங்குலம். இரண்டரை அடிக் கதவுக்கு அது 15 சதுர அங்குலம், ஃபேன் வாயோ 28. பிவிசி கதவின் கீழ்ப்பகுதியில் ஒரு சின்னக் கிரில் பதித்த பிறகுதான் ஊதுபத்திப் புகை கதவிலிருந்து தரையோடு நகர்ந்து, குறுக்கே போய், மேலேறி வெளியேறியது. ஃபேன் சத்தமும் குறைந்தது. ஃபேன் சரியில்லை என்று கடைக்குத் திருப்பிக் கொடுப்பவர்கள் முதலில் கதவடியைப் பார்க்கலாம்.

லைட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பழைய ஹோல்டரை எடுத்துவிட்டு, தூசியும் தண்ணீர் பீச்சலும் உள்ளே போகாத, மூடிய உடம்புள்ள ஐபி65 எல்இடி ஒன்று. மினுக்கல் போய்விட்டது. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

அவருக்கு இன்னொரு குறையும் இருந்தது. "லைட்டைப் போட்டா ஃபேனும் ஓடட்டுமேடா, ரெண்டு சுவிட்ச் எதுக்கு? ஒண்ண அணைக்க மறந்தா விடிய விடிய ஓடும்."

"குளிச்சு முடிச்சப்புறம்தாம்மா அது ஓடணும். நீ லைட்டை அணைச்சா அதுவும் நின்னுடும்ல."

ஒரே சுவிட்சில் போடுவதைத்தான் நிறைய வீடுகளில் பார்க்கிறேன். ஆவி வெளியேற வேண்டிய நேரத்தில் ஃபேன் நின்றுவிடுகிறது, இரவில் சிறுநீர் கழிக்கப் போனால் தேவையில்லாமல் ஓடுகிறது. மார்கழியில் குளிக்கும்போதே ஓடினால் ஈர உடம்பில் குளிர் அடிக்கும். மறந்துபோய் எட்டு மணி நேரம் ஓடினாலும் கால் யூனிட்தான், வீடு ஒன்றும் முழுகிவிடாது. தானாக நிற்கும் டைமர் சுவிட்ச் கிடைக்கிறது, ஆனால் பழைய பியானோ போர்டில் அது உட்காராது, மாடுலர் போர்டு மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம். குளித்துவிட்டு வரும்போது ஃபேனைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வா, சாப்பிட்டு முடித்ததும் அணை என்று முடிவானது. அம்மா இப்போது மற்றவர்களை விரட்டிப் போட வைக்கிறார்.

பூசணத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைத்து, காயவிட்டு, சுரண்டிப் பெயிண்ட் அடித்தோம். பிளீச்சிங் பவுடர் வைத்திருக்கும் நேரத்தில் டாய்லெட் கழுவும் ஆசிட்டைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து.

கரண்ட் போகும் நேரத்தில் ஃபேன் ர்ர்ர் என்று உறுமும். எங்களுடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், கரண்ட்டைச் சீரான அலையாக இல்லாமல் கட்டம் கட்டமாகத் தரும், அதில் மோட்டார்கள் அப்படித்தான் முனகும். அணைத்து வைத்துவிடுகிறோம்.

மிச்சம் ஒரு தொல்லை. வெண்டிலேட்டர் மேற்குப் பார்த்தது, ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில் இந்தப் பிளாஸ்டிக் ஷட்டர் எம்மாத்திரம். ஃபேன் ஓடாத நேரத்திலும் இதழ்கள் டக்டக்கென்று அடித்துக்கொண்டன, காற்று பலமாக இருந்தபோது ஃபேன் பின்பக்கமாகவே மெல்லச் சுற்றியது. இதழ் விளிம்புகளில் ஃபோம் டேப் ஒட்டியதில் சத்தம் நின்றுவிட்டது. எதிர்க்காற்றுக்கு, வெளியே கீழ்நோக்கி வளைந்த ஒரு ஹூட் வேண்டும், தகரக் கடையில் அளவு கொடுத்திருக்கிறேன். மேற்குச் சுவரில் மாட்டப்போகிறவர்கள் அதையும் ஃபேனோடு சேர்த்தே வாங்கிவிட்டால், அதற்கென்று மறுபடி ஏணி போட்டு ஏற வேண்டியிருக்காது.